கணஜ ஸார்

எங்கள் தெருவில் யார் வீட்டு அரிசியில் வண்டு விழுந்தாலும் முறத்தோடு என்னிடம் வந்துவிடுவார்கள். நானும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கொஞ்ச நேரம் நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நிழல்ல உலர்த்துங்க, காஞ்ச மிளகாய் போட்டு வைங்க" என்பேன். இது அவர்களுக்கே தெரியும். ஆனால் டாக்டர் பட்டம் வாங்கியவன் வாயால் கேட்கும்போது காய்ந்த மிளகாய்க்கு ஒரு கனம் வந்துவிடுகிறது போலும். 'கணஜ ஸாரே சொல்லிவிட்டார்' என்று திருப்தியாகப் போவார்கள்.

அரிசி வண்டைப் பற்றி நான் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. என் துறை குளவி. மைசூர் அக்ரஹாரத்தில் இந்த வீட்டின் மாடி அறைக்குக் குடிவந்த அன்று வீட்டுக்கார ராஜலக்ஷ்மி மாமி, "என்ன உத்தியோகம்?" என்று கேட்டார். பதற்றம் வந்தால் எனக்குத் தமிழ் போய்விடும், கன்னடம்தான் வரும். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவனின் கோளாறு. "கணஜத மேலெ ரிசர்ச்" என்றேன். கன்னடத்தில் குளவிக்கும் கணஜ என்றுதான் பெயர், நெல் கொட்டிவைக்கும் களஞ்சியத்துக்கும் கணஜ என்றுதான் பெயர். இந்த இரண்டில் எதை ஆராய ஒருவனுக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று மாமி ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும்.

"ஓ, தானிய சேமிப்பா! நல்ல லைன். எந்தக் காலத்துலயும் சோறு வேணுமே, அல்வா?"

மாமியின் வாக்கியங்கள் பெரும்பாலும் 'அல்வா'வில் முடியும். இனிப்பு அல்ல, 'இல்லையா' என்பதற்குக் கன்னடம். நான் "ஆமாம்" என்றேன். ஒரு 'இல்லை' போதுமாக இருந்தது. முதல் சந்திப்பில் என்னால் சொல்லக்கூடிய சொல் அல்ல அது. பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் முதல் முறம் வந்துவிட்டது.

விஞ்ஞானிகளின் வாழ்க்கைக் குறிப்புகளில் சிறுவயதுத் தருணம் ஒன்று தவறாமல் வரும். வண்ணத்துப்பூச்சி தோளில் வந்து உட்காரும், எதிர்காலம் திறந்துகொள்ளும். என் தோளில் எதுவும் உட்காரவில்லை. ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த அப்பா, நான் கம்ப்யூட்டர் படிப்பேன் என்று நம்பினார். கல்லூரியில் ஒட்டிய பட்டியலில் என் பெயர் இல்லை. விலங்கியலில் இடம் இருந்தது, ஏனென்றால் விலங்கியலில் எப்போதும் இடம் இருக்கும். மேற்படிப்புக்கு ஆய்வுப்பொருள் தேர்ந்தெடுக்கச் சொன்னபோதும் என் அறிவியல் ஆர்வம் ஒரே திசையில்தான் வேலை செய்தது. மீன் என்றால் மீன் பிடிக்கிறவர்களோடு பேச வேண்டும். யானை என்றால் வனத்துறையோடு. வௌவால் என்றால் கோவில் அர்ச்சகரிடம் அனுமதி கேட்க வேண்டும். குளவிக்கு ஒரு நாற்காலி போதும்.

நேர்முகத்தில் பேராசிரியர் நஞ்சுண்டசாமி கேட்ட எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் அசைத்தேன். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மாத்தாடல்வா நீனு?" என்றார். பேசவே மாட்டாயா என்று அர்த்தம். அதற்கும் தலையசைத்தேன். "ஒள்ளேது. கணஜக்கெ நீனே சரி" என்று சேர்த்துக்கொண்டார். நல்லது, குளவிக்கு நீதான் சரி. என் வாழ்நாளில் என் கூச்சத்தைத் தகுதியாக எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

வேலை இதுதான். கூட்டிலுள்ள ஒவ்வொரு குளவியின் முதுகிலும் மெல்லிய குச்சியால் வண்ணப் புள்ளி வைக்க வேண்டும். அதன்பிறகு அவை வெறும் குளவிகள் அல்ல. நீலவெள்ளை, ஒற்றைமஞ்சள், இரட்டைப்பச்சை. பிறகு உட்கார்ந்து, யார் யாரை முறைக்கிறார்கள், யார் யாருக்கு இரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள், யார் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். "இதைத்தானடா நம்ம குவார்ட்டர்ஸ் லைன்ல பொம்பளைங்க சாயந்திரம் வாசல்ல உக்காந்து பண்றோம்?" என்றாள் அம்மா. மறுக்க முடியவில்லை. அவர்கள் புள்ளி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குளவிக் கூட்டில் முட்டையிடுகிற ராணி ஒருத்திதான். அவளை மெல்ல எடுத்துவிட்டால், வேலைக்காரிகளில் ஒருத்தி சில நிமிடங்களில் ரௌடியாக மாறி எல்லோரையும் துரத்த ஆரம்பிப்பாள். அவள்தான் அடுத்த ராணி. அந்த நிமிடம்வரை அவளிடம் தனியாக ஒன்றும் தெரியாது. கூட்டிலுள்ள மற்றவர்களுக்கு அவள் யாரென்று ஏற்கெனவே தெரியும் போலிருக்கிறது, ஒருத்தியும் எதிர்க்க மாட்டாள். நமக்குத்தான் தெரியாது. அதை முன்கூட்டிச் சொல்லப் பார்ப்பதே என் தொழில் வாழ்க்கை. இதுவரை ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. 'நீ சொல்கிற பெயரை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம், அந்த அளவுக்கு உன் கணிப்பை நம்பலாம்' என்பார் நஞ்சுண்டசாமி.

பட்டம் வாங்கியபின் அவர் தயவில் ஒரு ஆய்வுத் திட்டத்தில் ஒட்டிக்கொண்டேன். கூண்டு அறையில் அழகாகச் சில கூடுகள் வளர்ந்தன. எறும்பு ஏறாமலிருக்க மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருப்போம். கிண்ணம் வற்றாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என் பொறுப்பு. ஒரு விடுமுறையில் புதிதாக வாங்கிய கவிதைத் தொகுப்பு ஒன்றில் இறங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது கிண்ணங்கள் காய்ந்திருந்தன, கூடுகளில் எறும்புகள் இருந்தன. கவிதைகள் சுமார்தான்.

வேறு கூடு தேடித்தான் வாடகைக்கு வீடு தேடினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மாமி அறையைக் காட்டி, காவேரித் தண்ணீர் வரும் நேரம், கீஸர், சைவச் சாப்பாட்டு நிபந்தனை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாடிப்படித் திருப்பத்திலிருந்து கொல்லைப்புற ஜன்னலின் சன்ஷேடுக்கு அடியில் தொங்கிய கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறக் காகிதக் கூடு, உள்ளங்கை அகலம், நல்ல குடித்தனம். "பிடிச்சிருக்கா?" என்றார் மாமி. "ரொம்ப" என்றேன். உண்மையான பதில்தான்.

மார்ச்சோடு திட்டம் முடிகிறது. அதற்குள் ஒரு கூட்டையாவது சில வாரம் கலையாமல் காத்துக் கவனித்து, பிறகு ராணியை எடுத்துப் பார்த்துவிட்டால் திட்டம் நீளும். இல்லையென்றால் அம்மா எனக்காகப் பேசிவைத்திருக்கும் பள்ளிக்கூட வேலை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், அவர்களுக்கு எதிரே நின்று வாய் திறக்க வேண்டிய நான். அதை நினைத்தால் குளவி கொட்டுவது தேவலை. ஆகவே மாமி எழுவதற்கு முன்பே புள்ளிகளை வைத்து முடித்துவிட்டு, மாடிப்படித் திருப்பத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். மடியில் ஒரு கவிதைப் புத்தகம், கண் சன்ஷேடில். மாமியைப் பொறுத்தவரை நான் காற்றாடப் படிக்கிற நல்ல பிள்ளை.

ஒருநாள் காலை தேங்காய் பறிக்க வரும் மல்லப்பன் நீளக் கழியில் துணி சுற்றிக்கொண்டு கொல்லையில் நின்றான். "துணி காயப்போடவே பயமா இருக்கு, அந்தக் கூட்டைக் கலைச்சுடு" என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தார். நான் படியில் நின்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூடினேன். மறுபடி திறந்தேன்.

அப்போது எதிர்வீட்டு மகேஸ்வரி அக்கா முறத்தில் அரிசியோடு உள்ளே வந்தார்.

"அய்யோ மாமி! குளவிக் கூட்டையா கலைக்கறீங்க? ஊட்டுல மருமகள வெச்சுக்கிட்டு?"

"ஏன்?"

"குளவி கூடு கட்டுனா ஊட்டுல குழந்தை வருதுன்னு சொல்லுவாங்கல்ல. எங்க கொள்ளேகாலத்துல ஒருத்தரும் தொடமாட்டாங்க."

மாமி கூட்டைப் பார்த்தார். பிறகு சமையலறை ஜன்னலைப் பார்த்தார். அங்கே மருமகள் ஷ்ரேயா லேப்டாப்பில் மீட்டிங்கில் இருந்தாள். மகன் கிச்சாவுக்கும் அவளுக்கும் கல்யாணமாகிச் சில வருடம் ஆகியிருந்தது.

"மல்லப்பா, கழியைக் கீழ வை. தேங்காய் பறிச்சுக் குடு, போறும்."

சாயந்திரம் கூட்டுக்கு நேர் கீழே சுவரில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

நம் பக்கத்தில் அந்த நம்பிக்கை மண்கூடு கட்டுகிற தனிக்குளவிக்கு உரியது, இது காகிதக் கூடு, இதற்கு அந்தத் தகுதிகூடக் கிடையாது என்பது அந்தத் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமலிருப்பதை என் சுபாவம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டதில் உள்ள வசதி இது. மகேஸ்வரி அக்காவின் அரிசியை மட்டும் வழக்கத்தைவிட அக்கறையாகப் பார்த்துக்கொடுத்தேன்.

அதன்பிறகு மாமி தினமும் குளித்துவிட்டு வந்து கூட்டை அண்ணாந்து பார்ப்பார். நல்ல பருவம், கூடும் வளர்ந்துகொண்டே போனது. "பெருசாயிருக்கு, அல்வா?" என்பார் என்னிடம். "ஆமாம் மாமி." அடுத்து அவர் பார்வை சமையலறைக்குப் போகும். ஷ்ரேயாவுக்கு ஊறவைத்த பாதாம், குங்குமப்பூ பால். வாளியைத் தூக்கினால் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார். கிச்சா ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் முன்பைவிட வேகமாக ஓடினான்.

ஒரு மத்தியானம் மாமி கோவிலுக்குப் போயிருந்தபோது ஷ்ரேயா படியேறி வந்தாள்.

"பிரசாந்த், ஒரு நிமிஷம். உங்க குளவிங்க எப்ப காலி பண்ணும்?"

நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

"சும்மா இருங்க. புக்கைத் தலைகீழா வெச்சுக்கிட்டு நீங்க என்ன பாக்கறீங்கன்னு கிச்சன்லேர்ந்து எனக்குத் தெரியும். விடிகாலைல பெயிண்ட் அடிக்கறதையும் பாத்திருக்கேன். இதைத்தானே படிச்சிருக்கீங்க?"

தலையசைத்தேன்.

"பாதாம் தின்னு தின்னு எனக்குக் குமட்டுது. குமட்டுதுன்னு சொன்னா அதுக்கும் சந்தோஷப்படறாங்க." சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "போன வருஷம் ஒண்ணு வந்து தங்கல. கிச்சா அம்மாகிட்ட நாங்க சொல்லல. கொஞ்ச நாள் எதையும் யோசிக்காம இருங்கன்னாங்க டாக்டர். நானும் யோசிக்காமத்தான் இருந்தேன். இப்ப தினம் காலைல அவங்க அந்தக் கூட்டைப் பாத்துட்டு என்னைப் பாக்கறாங்க" என்றாள்.

கீழே ஒற்றைமஞ்சள் இரையோடு வந்து இறங்கியது. அதைப் பார்க்காமலிருக்க முயன்றேன்.

"அவங்க நம்பறது நிஜமா?"

"இல்லை" என்றேன். அந்தச் சொல் முதன்முறையாகத் தடங்கலில்லாமல் வந்தது.

"அப்ப அதை அவங்ககிட்ட சொல்லுங்களேன். நாங்க சொன்னா எடுபடாது. நீங்க சயின்டிஸ்ட்."

சொன்னால் குங்குமத்தின் காவல் போய்விடும், மல்லப்பன் வருவான், என் மார்ச் முடிந்துவிடும். சொல்லாவிட்டால் இவள் பாதாம் தின்ன வேண்டும். முடிவெடுக்கச் சிரமமில்லை, வாயைத் திறக்கத்தான் சிரமம். மூன்று வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு கீழே இறங்கினேன். மாமி, "வந்தியா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்று உளுத்த துவரம்பருப்பை நீட்டினார். நெற்றியைச் சுருக்கிப் பார்த்துக்கொடுத்துவிட்டு மேலே வந்தேன். அடுத்தமுறை பேச ஆரம்பித்தது தண்ணீர் மோட்டாரைப் பற்றிய பேச்சாக முடிந்தது.

வெள்ளிக்கிழமை மாமி ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு கூட்டின் முன்னால் வந்து நின்றார். நைவேத்தியம். நான் படியிலிருந்தே பேசிவிட்டேன். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது.

"மாமி, இது அந்தக் குளவி இல்லை!"

"எந்தக் குளவி?"

"நீங்க நினைக்கறது. அது மண்ணுல கட்டும். தனியா இருக்கும். இது பேப்பர். மரத்தைச் சுரண்டி, மென்னு, எச்சில் சேத்து..."

"எச்சிலா?" மாமி பொங்கல் தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மண்ணுல கட்டினாலும் குழந்தைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது மாமி."

மாமி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பிரசாந்தா, நீ அரிசி டிபார்ட்மெண்ட். வண்டு பத்திச் சொல்லு, கேட்டுக்கறேன். குளவி பத்தி உனக்கென்ன தெரியும்?"

உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றி அந்தக் கேள்வி. அரிசி நிபுணனாக நான் சேர்த்த மரியாதை முழுவதும் வந்து என் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

"கணஜன்னா களஞ்சியம் இல்லை மாமி. குளவி. நான் அன்னிக்குச் சொன்னது இதைத்தான்."

"இதையா?"

"இதை."

"டாக்டர் பட்டம்?"

"இதுக்குத்தான்."

"அப்போ அரிசி?"

"அது... நீங்க கேட்டீங்க. சொன்னேன்."

மாமி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "உன் பேச்சை நம்பித் தெருவே அரிசியில மிளகாய் போட்டு வெச்சிருக்கேடா!"

"மிளகாய் சரிதான் மாமி."

அண்ணாந்து கூட்டைப் பார்த்தார். பிறகு சவால் மாதிரி, "சரி, குளவி படிச்சவன்தானே. இதுல பெத்துக்கறது யாரு, சொல்லு" என்றார்.

"ஒருத்திதான். அதோ, சிவப்புப் புள்ளி."

"மத்தவாள்லாம்?"

"பெத்துக்க மாட்டாங்க."

"பின்னே எதுக்கு இருக்கா?"

"வேலைக்குப் போவாங்க மாமி."

சமையலறை ஜன்னலில் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. "அவங்க இல்லன்னா கூடு நிக்காது" என்றும் சொன்னேன். அதற்குள் என் குரல் பழைய அளவுக்கு இறங்கிவிட்டிருந்தது. காதில் விழுந்ததா தெரியவில்லை.

மாமி எழுந்து பொங்கல் தட்டோடு உள்ளே போனார். வாசற்படியில் நின்று, "நாளைக்கு மல்லப்பனை வரச் சொல்றேன்" என்றார். அன்று மாலை அம்மாவுக்கு ஃபோன் செய்து அந்தப் பள்ளிக்கூட வேலை இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தேன். இருந்தது.

மறுநாள் மல்லப்பன் கழியோடு வந்தான். கழுத்தில் கம்பெனி அட்டையும் தோளில் பையுமாக ஷ்ரேயாவும் கொல்லைக்கு வந்தாள்.

"அம்மா, கூடு இருக்கட்டும்."

"துணி எங்கே காயப்போடறது?"

"மாடில நான் போட்டு எடுக்கறேன்."

"உனக்கென்னடி திடீர்னு அது மேல?"

"வேலைக்குப் போறவா கூடாச்சே, அதான்." அவள் சிரிக்கவில்லை. "உள்ள வாங்கோ. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த கிச்சா ஒரு முறை தெருவைப் பார்த்தான். பிறகு மாட்டிய ஷூவையும் கழற்றிவிட்டு அவர்கள் பின்னால் போனான். கதவு சாத்திக்கொண்டது.

"ஸார், கலைக்கணுமா வேண்டாமா?" என்றான் மல்லப்பன்.

"தெரியல."

"உள்ள என்ன நடக்குது?"

அதுவும் தெரியவில்லை. இரண்டு குளவிகள் மீசையால் தொட்டுக்கொண்டால் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதக்கூடியவன் நான். மூடிய கதவுக்குப் பின்னால் மூன்று மனிதர்கள். ஒரு சத்தமும் வரவில்லை. நானும் மல்லப்பனும் ஆளுக்கொரு பக்கமாகக் கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். சிவப்புப் புள்ளி நடுவில் அசையாமல் இருந்தது.

மாமி வெளியே வந்தபோது கண்ணோரம் சிவந்திருந்தது. நேராகச் சுவரிடம் போய் முந்தானையால் மஞ்சளையும் குங்குமத்தையும் துடைத்தார். போகவில்லை, பரவிக் கறையாக நின்றது. பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, அந்தச் சிவப்புப் புள்ளி பெத்துக்காதவாளைக் கடிச்சுத் துரத்துமோ?"

"இல்லை மாமி. ராணி ரொம்ப சாது. ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணாது. சும்மா உக்காந்திருக்கும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

மாமி கூட்டை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"சும்மா உக்காந்திருக்கறது கஷ்டம், அல்வா?"

"கஷ்டம்தான் மாமி. எனக்கே பட்டம் வாங்க வேண்டியிருந்தது."

மாமியின் முகத்தில் லேசாக ஏதோ அசைந்தது. "மல்லப்பா," என்றார், "தேங்காய் பறிச்சுக் குடு, போறும்."

பிப்ரவரியில் ராணியை எடுத்தேன். நஞ்சுண்டசாமி வந்திருந்தார். கிச்சா லீவு போட்டான். பாதாம் தின்னாத ஷ்ரேயா காபியோடு ஜன்னலில் நின்றாள். எல்லோர் முன்னிலும் அடுத்தது நீலவெள்ளைதான் என்று அறிவித்தேன். நீலவெள்ளை உடனே வெளியே பறந்து இரை தேடப் போய்விட்டது. அத்தனை நாளும் ஒரு ஓரமாகத் தூங்கிக்கொண்டிருந்த இரட்டைப்பச்சை எழுந்து எல்லோரையும் விரட்ட ஆரம்பித்தது. என்மீது தாம் வைத்த நம்பிக்கை வீண்போகவில்லை என்றார் பேராசிரியர். திட்டம் நீண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தப்பித்தார்கள்.

அரிசி வருவது நிற்கவில்லை. "இவர் குளவி டாக்டர்" என்று மாமியே எல்லோருக்கும் திருத்திச் சொல்கிறார், "ஆனா அரிசியும் பார்ப்பார்" என்று சேர்த்து.

அந்தக் கூட்டைப் பற்றிய கட்டுரையை ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினேன். அதைப் படித்துப் பார்த்த முகம் தெரியாத நிபுணர் ஒருவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். படத்தில் கூட்டுக்குக் கீழே சுவரில் செந்நிறக் கறை தெரிகிறதே, அது சோதனையின் பகுதியா? அதனால் ஏதாவது பாதிப்பு உண்டா?

நெடுநேரம் யோசித்தேன். சொல்வதற்கு நிறைய இருந்தது. கடைசியில், குங்குமம், வீட்டார் வைத்தது, குளவிகளுக்குப் பாதிப்பு இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.